பல்லுக்கு எந்த கேப் போடலாம்?

ரூட் கெனால் (வேர் சிகிச்சை) முடிந்து, பல்லை மூடும் உறையான கேப் போடும்போது "மெட்டலா, செராமிக்கா, ஜிர்கோனியாவா?" என்றுதான் பலரும் கேட்பார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: சொத்தையைச் சுரண்டி எடுத்தபின் ஈறுக்கு மேலே எவ்வளவு பல் மிச்சம்? சுற்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. உயரத்துக்காவது நல்ல பல் இருந்தால்தான் கேப் அதைப் பிடித்து நிற்கும். அது இல்லாமல் வேருக்குள் போஸ்ட் (சிறு கம்பி) இறக்கி மேலே கட்டினால், மெல்லும் அழுத்தம் வேரில் இறங்கும். கேப் கழலும், அல்லது வேர் பிளக்கும். நெடுக்காகப் பிளந்த வேரைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும்.

கடைசிக் கடைவாய்ப்பல்லுக்கு முழு மெட்டல் கேப் இன்றும் நல்ல தேர்வு. மேற்பரப்பில் 1 முதல் 1.5 மி.மீ. தேய்த்தால் போதும், பல் குட்டையாக இருந்தால் இந்தச் சிக்கனம் பெரிய லாபம். சிரித்தால் தெரியாத இடத்தில் அழகைப் பார்த்து இதை ஒதுக்குவது வீண். கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கும் என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். மலிவான உலோகக் கலவைகள் பலவற்றில் நிக்கல் இருக்கும்.

மெட்டலின் மேல் பீங்கான் சுட்ட பி.எஃப்.எம். கேப்புக்குப் பல்லை இன்னும் கூடுதலாகத் தேய்க்க வேண்டும். பீங்கான் சில்லுசில்லாகப் பெயரலாம். ஈறு இறங்கினால் விளிம்பில் கருங்கோடு தெரியும்.

ஜிர்கோனியா (உறுதியான வெள்ளைச் செராமிக்) என்றால் "முழுக்க ஜிர்கோனியாவா, மேலே பீங்கான் பூசியதா?" என்று கேளுங்கள். பூசியதில் சில்லு பெயரும் தொல்லை தொடரும். கடைவாய்க்கும் இரவில் பல் நறநறப்பவர்களுக்கும் முழு ஜிர்கோனியா ஏற்றது. நறநறப்பவர்கள் நைட் கார்டும் (தூங்கும்போது பல்லில் மாட்டும் காப்புறை) போட வேண்டும். ஒளி ஊடுருவும் ரகங்கள் அழகானவை, ஆனால் வலு குறைந்தவை. பொருத்தியபின் உயரம் குறைக்கத் தேய்த்தால் அந்த இடத்தைத் திரும்பப் பாலிஷ் செய்தாக வேண்டும். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல்லைத் தின்றுவிடும்.

முன்பல்லுக்கு லித்தியம் டைசிலிகேட் (ஒளி ஊடுருவும் கண்ணாடி வகைச் செராமிக்) அருமையாக ஒத்துப்போகும். ஆனால் உள்ளே பல் கறுத்திருந்தாலோ மெட்டல் போஸ்ட் இருந்தாலோ நிழல் வெளியே தெரியும். ஒன்று: ரூட் கெனால் செய்த முன்பல்லில் சேதம் குறைவென்றால் கேப்பே தேவைப்படாமல் போகலாம்.

குழந்தைகளின் பால் கடைவாய்ப்பல்லுக்கு ரெடிமேட் ஸ்டீல் கேப் போதும். அந்தப் பல் விழும்போது அதுவும் சேர்ந்து விழும்.

நிறம் பார்ப்பது பல்லைத் தேய்ப்பதற்கு முன், பகல் வெளிச்சத்தில் நடக்கட்டும். வெகுநேரம் வாய் திறந்திருந்தால் பல் உலர்ந்து, உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும். தற்காலிக கேப் இருக்கும்போது சூயிங்கம், கடலை மிட்டாய் வேண்டாம். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள்.

சிமென்ட் வைக்கும் முன் மூன்று சோதனை: இரு பக்கமும் நூல் இறுக்கமாகப் போய்வர வேண்டும், எக்ஸ்ரேயில் விளிம்பில் இடைவெளி தெரியக்கூடாது, கடித்தால் அந்தப் பல் மட்டும் முந்தக்கூடாது. மரத்துப்போன வாயில் கடி சரியாகத் தெரியாது. மறுநாள் அந்த இடம் முதலில் இடித்தால், "பழகிவிடும்" என்று விடாமல் உடனே மருத்துவரிடம் போய்த் தேய்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். ஈறு வாரக்கணக்கில் சிவந்து கசிந்தால், உள்ளே தங்கிய சிமென்ட்டும் காரணமாக இருக்கலாம்.

கேப்புக்குச் சொத்தை வராது, விளிம்புக்குக் கீழே இருக்கும் பல்லுக்கு வரும். வாரண்டி கார்டைத் தரும்போது, கேப் உடைவதற்கு மட்டுமா, அடியில் பல் கெட்டாலும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கழன்று வந்தால் கழுவி டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். ஃபெவிக்விக் போட்டு ஒட்டினால் திரும்பச் சரியாக உட்காராது.