கவாரெஸ் குன்றுகளில் கிராவல் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமைக் காலை, ஸ்பெயின் நாட்டுக் கத்தலோனியாவின் ஜிரோனா நகரில், தேர் என்னும் ஆற்றின் பாலத்தருகே நண்பருக்காகக் காத்திருந்தேன். புதிதாக வந்திருந்த இருவர், வாடகைக்கு எடுத்த கிராவல் சைக்கிள்களுக்கு, அதாவது சரளைப் பாதைக்கான அகல டயர் சைக்கிள்களுக்கு, காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றம் நிறைய இருப்பதால் டயர் கல்லுப்போல இருக்கட்டும் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் காற்றழுத்த மீட்டரின் முள் 60 பிஎஸ்ஐ-யைத் தொடும்வரை பம்பை அமுக்கினார். 12 ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய அதே இடத்தில், அதே எண் வரைக்கும், அதே நம்பிக்கையோடு நானும் காற்றடித்தேன். அன்று பட்டது நினைவுக்கு வந்ததால்தான் இதை எழுதுகிறேன். ஹெல்மெட், கையுறை, வெயிலுக்குப் பூசும் களிம்பு ஆகியவற்றைப் பற்றி இங்கே ஒன்றும் இல்லை. அவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் நாள் பாதையை வைத்துக் கணக்குப் போடுவது

இங்கே வருபவர்கள் பெரும்பாலும் முதல் நாளில் ஜிரோனாவிலிருந்து கடற்கரை ஊரான சாண்ட் ஃபெலியு தெ கீஷோல்ஸ் வரை செல்லும் பசுமைவழியில் ஓட்டுகிறார்கள். 1892 முதல் 1969 வரை குறுகிய ரயில் ஓடிய தடம் அது. நீராவி எஞ்சினுக்காக வெட்டிய பாதை என்பதால் சரிவு மிக மென்மையானது. ஏறத்தாழ 40 கிலோமீட்டரையும் பேசிக்கொண்டே 2 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்து முடித்துவிடலாம். அந்தக் கணக்கோடு மறுநாள் பக்கத்திலுள்ள கவாரெஸ் குன்றுகளுக்குள் 60 கிலோமீட்டர் திட்டமிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கவாரெஸின் உச்சிகள் 500 மீட்டரைச் சற்றே தாண்டுபவை. வரைபடத்தில் பார்த்தால் அச்சம் தராதவை. ஆனால் காட்டுப்பாதைகள் ஒவ்வோர் ஓடைக்கும் இறங்கி மறுபடியும் ஏறுவதால், 60 கிலோமீட்டருக்குள் 1,200 மீட்டர் ஏற்றம் எளிதாகச் சேர்ந்துவிடும். இங்கே திட்டத்தைத் தூரத்தால் அளக்காமல் ஏற்ற மீட்டரால் அளக்க வேண்டும். பசுமைவழியில் ஆகும் நேரத்தைப்போல் இரு மடங்கை ஒதுக்குங்கள்.

டயரைக் கல்லாக்குவது

இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும். இன்றும் எனக்குச் சினம் வருவது இதில்தான். தார்ச்சாலையில் ஒல்லியான டயரோடு வளர்ந்தவர்களுக்கு, காற்று கூடினால் வேகம் கூடும் என்ற எண்ணம் எலும்பில் ஊறிப்போயிருக்கிறது. மழமழப்பான தளத்தில் அதில் ஓரளவு உண்மை உண்டு. சரளைப் பாதையில் அது தலைகீழாகிவிடுகிறது. மென்மையான டயர் ஒரு கூழாங்கல்லைச் சந்திக்கும்போது, கல் இருக்கும் இடத்தில் மட்டும் உள்வாங்கிக்கொண்டு அதன்மேல் உருண்டு போகிறது. கெட்டியான டயரோ உள்வாங்க முடியாமல் சைக்கிளையும் அதன்மேல் இருக்கும் உங்களையும் சேர்த்து ஒரு துளி மேலே தூக்கிப் போடுகிறது. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை இப்படித் தூக்கிப்போட ஆகும் சக்தி முழுவதும் உங்கள் தொடையிலிருந்துதான் போகிறது. ஏற்றத்தில் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுழல்வதும், இறக்கத்தில் முன்சக்கரம் துள்ளித் துள்ளி ஓடுவதும் இதன் தொடர்ச்சிதான்.

நான் கற்றுக்கொண்ட நாளைச் சொல்கிறேன். 1958-இல் சால்வதோர் தாலியும் காலாவும் திருமணம் செய்துகொண்ட எல்ஸ் ஆஞ்சல்ஸ் ஆலயம் ஒரு குன்றின் தலையில், 485 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு காப்பி குடித்துவிட்டு, மாத்ரமான்யா ஊரை நோக்கிக் காட்டுப்பாதையில் இறங்கினேன். 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டியூப்லெஸ் டயர், இரண்டிலும் 60 பிஎஸ்ஐ. கவாரெஸின் பெரும்பகுதி பலகைக்கல் பூமி. மழை அரித்த இடங்களில் அந்தக் கல் படுத்துக்கிடக்காமல், நிறுத்திவைத்த கத்திகளைப்போல் விளிம்பு மேலாக நிற்கும். மூன்றாவது வளைவில் துள்ளிய பின்சக்கரம் அப்படி ஒரு விளிம்பின்மேல் விழுந்தது. ஓட்டையை அடைப்பதற்காக டயருக்குள் ஊற்றியிருக்கும் திரவமான சீலண்ட் பீய்ச்சியடித்து என் முதுகுவரை தெறித்தது. டயரின் பக்கச்சுவரில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். ரப்பர்த் திரியை அடைத்தேன், நிற்கவில்லை; இன்னொன்றைச் சேர்த்து அடைத்தேன், இரண்டும் வெளியே வந்தன. பையில் மாற்று டியூப் இருந்தது. ஆனால் கிழிசலுக்கு உள்ளிருந்து கொடுக்கும் ஒட்டுத்துண்டு இல்லை. அது இல்லாமல் மாட்டியதால் டியூப் கிழிசல் வழியே கொப்புளமாகப் பிதுங்கி, 200 மீட்டருக்குள் வெடித்தது. பெடலில் பூட்டும் கட்டை அடியில் பொருத்திய சைக்கிள் காலணியோடு 6 கிலோமீட்டர் நடந்தேன். டயர், வாடகை வண்டி, கீறல் விழுந்த ரிம்முக்கு நான் கொடுத்த தொகை எல்லாம் சேர்ந்து அந்தப் பயணத்தின் தங்கும் செலவைத் தாண்டின. தின்பண்ட உறையை நான்காக மடித்து உள்ளே வைத்திருந்தாலே ஊர் வந்து சேர்ந்திருக்கலாம் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

சரியான அளவு என்ன? 70 கிலோ எடையுள்ளவர், 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயர் என்றால், முன்னே 30, பின்னே 33 பிஎஸ்ஐ அளவில் தொடங்கலாம். கல்லில் ரிம் இடிக்கும் ஓசை கேட்டால் 2 கூட்டுங்கள்; உள்ளங்கை மரத்துப்போனால் 2 குறையுங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது தாண்டக்கூடாத உச்ச வரம்பு. அதைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்பவர்களை நான் ஒவ்வொரு வசந்த காலத்திலும் பார்க்கிறேன். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது 30-க்கும் 45-க்கும் வேறுபாடு காட்டாது. உள்ளங்கையில் அடங்கும் டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். கூடவே, சக்கரத்தைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பாருங்கள்: உள்ளே சீலண்ட் சளசளக்க வேண்டும். இந்த வறண்ட வெப்பத்தில் அது இரண்டு மூன்று மாதங்களில் காய்ந்து தோலாகிவிடும். வாடகைச் சைக்கிளில் கடைசியாக எப்போது ஊற்றினார்கள் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாலத்தருகே இருந்த அந்த இருவரிடமும் இதைச் சொன்னேன். ஒருவர் 15 பிஎஸ்ஐ இறக்கினார். மற்றவர் புன்னகைத்தார்.

நிழலில் தொங்கும் சங்கிலி

இந்தப் பாதைகளில் வண்டிகள் இல்லாததற்கு ஒரு காரணம், பல இடங்களில் குறுக்கே கட்டியிருக்கும் சங்கிலி. இரண்டு கல்தூண்களுக்கு நடுவே, முழங்கால் உயரத்தில், துருவேறிய மண்ணிறத்தில் தொங்கும் அது, தக்கைமரங்களின் புள்ளிநிழலில் 10 மீட்டர் தொலைவில்கூடக் கண்ணுக்குத் தெரியாது. கார்களைத் தடுக்கும் சங்கிலி, இறக்கத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வருபவரையும் தடுத்துவிடும். தூண் போன்ற எதையாவது பாதையோரத்தில் கண்டால் முதலில் வேகத்தைக் குறையுங்கள்; சங்கிலி இருக்கிறதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வளைவுக்குள் பிரேக் பிடிப்பது

ரொமான்யா ஊர்ப் பக்கம் போனால் கல் மாறிவிடும். அங்கே இருப்பது கருங்கல் சிதைந்து உதிர்ந்த பரல்மணல். உள்ளூரில் சவுலோ என்பார்கள். கெட்டியான தளத்தின்மேல் கேழ்வரகு கொட்டியதுபோல் கிடக்கும் அதில், வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொட்டால் சக்கரம் ஓசையின்றி விலகிவிடும். வேகத்தை நேர்ப்பகுதியிலேயே கொன்றுவிட்டு, வளைவுக்குள் விரல்களைத் தளர்த்துங்கள்.

செயலி போட்ட கோட்டை நம்புவது

மற்றவர்கள் அதிகம் போன தடங்களைப் பளிச்சென்று காட்டும் வரைபடங்கள், அவர்கள் சைக்கிளில் போனார்களா, நடந்து போனார்களா, கீழே இறங்க மட்டும் பயன்படுத்தினார்களா என்பதைச் சொல்வதில்லை. அப்படி ஒரு கோட்டைப் பிடித்து வறண்ட ஓடைக்குள் இறங்கி, முட்செடிகளுக்கு நடுவே சைக்கிளைத் தோளில் சுமந்தபடி 1 கிலோமீட்டருக்கு 50 நிமிடம் செலவிட்டிருக்கிறேன். முதல் நாள் இரவே செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள்: மரங்களுக்கிடையே மண்நிறக் கீற்று தொடர்ந்து தெரிந்தால் அது பாதை.

காட்டுப்பன்றி வேட்டை

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் ‘பத்துதா’ (கூட்டு வேட்டை) என்று எழுதிய பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள்.

கோடையில் நண்பகல்

வேண்டாம். காட்டுத்தீ அபாயம் உச்ச நிலையை எட்டும் நாட்களில் சில காடுகளுக்குள் நுழைவதற்கே தடை வரும். கிளம்புமுன் அன்றைய அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

ஊர் வந்தால் கிடைக்கும் என்று நினைப்பது

குன்றுகளுக்குள் கடை இல்லை. அடிவாரத்துச் சிற்றூர்களில் மதியம் 2 மணிக்கு மேல் பல கடைகளின் கதவு மூடிவிடும். 5 மணிவரை திறக்காது. ஞாயிறு மாலை கேட்கவே வேண்டாம். ஊர்ச் சதுக்கத்தின் குழாயில் தண்ணீர் கிடைக்கும். ஆனால் குடிக்கத் தகாத நீர் என்ற அறிவிப்பு மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாட்டிலை நீட்டுங்கள். எனக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் காலையிலேயே பையில் ஏறிவிடும்.

அன்று மாலை 4 மணிக்கு, புன்னகைத்தவரை மறுபடியும் பார்த்தேன். மாத்ரமான்யாவின் மூடிய கடை வாசலில், சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னிடம் ஒட்டுத்துண்டு இரண்டு இருந்தன.