பன்னேர்கட்டா காட்டோரம் வீடு கட்டுவோர் சறுக்கும் இடங்கள்

பெங்களூரில் பல வருஷம் உழைத்துச் சேர்த்த பணத்தில் பன்னேர்கட்டா தேசியப் பூங்காவை ஒட்டி, கனகபுரா சாலைப் பக்கமோ ஆனேக்கல் பக்கமோ மரங்கள் அடர்ந்த நிலம் வாங்கியிருக்கும் நம்மவர்கள் நிறைய. அஸ்திவாரம் தோண்டியதும் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வருகிறது. அதை எதிர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. நியாயம் கையில் இருந்தும் பலர் தோற்பது மேல்முறையீட்டுக் கெடுவைக் கோட்டைவிட்டுத்தான்.

நோட்டீஸ் கன்னடத்தில் இருக்கும். பிறகு யாரிடமாவது படிக்கச் சொல்லலாம் என்று அலமாரியில் வைக்காதீர்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986, 5-ஆவது பிரிவின் கீழ் வந்த உத்தரவு என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை கிடைக்கலாம். அதையும் தாண்டினால் தீர்ப்பாயமே நினைத்தாலும் ஏற்க முடியாது. அதிகாரிக்கு மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் இந்த நாள்கணக்கு நிற்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் பதில் தர அவர்களுக்கே 30 நாள் அவகாசம் உண்டு. மனுவும் கொடுங்கள், தகவலும் கேளுங்கள், மேல்முறையீட்டையும் கூடவே தயார் செய்யுங்கள். தபால் உறையைப் பத்திரமாக வையுங்கள்; நோட்டீஸ் எப்போது கைக்கு வந்தது என்று காட்ட அது உதவும்.

கர்நாடக வழக்குகளைக் கேட்கும் பசுமைத் தீர்ப்பாய அமர்வு சென்னையில் இருக்கிறது. ஆனால் நகரமைப்பு அனுமதி, விவசாய நிலத்தை மாற்றும் உத்தரவு, கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976, வனவிலங்குச் சட்டம் எல்லாம் அது விசாரிக்கக்கூடிய சட்டங்களின் அட்டவணையில் இல்லை. உத்தரவில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள்.

“பஹணி (நில உரிமைப் பதிவேடு) என் பேரில் இருக்கிறது, யார் கேட்பது?” என்ற வாதம் எடுபடாது. காடுகளைப் பாதுகாப்பது பற்றிய கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், யாருக்குச் சொந்தமானாலும் காடு காடுதான் என்று சொல்லிவிட்டது.

பூங்காவைச் சுற்றிக் கட்டுமானம் போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு உள்ள சூழல் உணர்திறன் மண்டலமே செல்லாது என்று மல்லுக்கட்டுவதும் பெரும்பாலும் வீண். பன்னேர்கட்டாவுக்கு 2016 வரைவில் 268.96 சதுர கி.மீ. இருந்தது, 2020 அறிவிக்கையில் 168.84 ஆகச் சுருங்கிவிட்டது. யானைகள் நடமாடும் காடு அது, இன்னும் சுருங்கக்கூடாது என்பதே என் எண்ணம். உங்கள் வழக்குக்கு உதவுவது வேறு கேள்வி: எல்லை இடத்துக்கு இடம் 100 மீட்டரிலிருந்து 1 கி.மீ. வரை மாறுகிறது, உங்கள் சர்வே நம்பர் உள்ளே வருகிறதா? முழுதுமா, ஒரு மூலை மட்டுமா? சர்வேயரை வைத்து அளந்து வரைபடம் வாங்குங்கள். உள்ளூர்க்காரர் சொந்தக் குடியிருப்புக்குக் கட்டுவதற்கும் ரிசார்ட்டுக்கும் விதிகள் ஒன்றல்ல. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை ஆவணத்தோடு காட்டுங்கள்.

வழக்கு நடக்கும்போது ராத்திரியோடு ராத்திரியாக மரம் வெட்டுவதோ தளம் போடுவதோ கூடவே கூடாது. நோட்டீஸ் வந்த அன்றே ஒவ்வொரு மரத்தையும் தேதி தெரியும்படி படமெடுத்து வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.