ஹைட்ரோஸ் டிரம்மில் ஈர மக்: சாயப்பட்டறைக்குப் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் கொண்டலாம்பட்டி, அம்மாபேட்டை பக்கம் சாயப்பட்டறைகளில் புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களைப் பார்க்கிறேன். நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். கையுறை போடு, கண்ணாடி மாட்டு என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அது ரசாயன மூட்டையிலேயே படமாகப் போட்டிருக்கிறது. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தராத விஷயங்களை மட்டும் எழுதுகிறேன். இவற்றில் பாதி, தண்ணீரை எங்கே எவ்வளவு ஊற்றுவது என்பதில்தான் வருகிறது.

ஈர மக்கை ஹைட்ரோஸ் டிரம்முக்குள் விடுவது

ஹைட்ரோஸ் என்று நாம் சொல்வது சோடியம் ஹைட்ரோசல்பைட். நீலம் போன்ற வாட் சாயம் தண்ணீரில் கரையாது. காஸ்டிக் சோடா என்ற கடுமையான காரமும் ஹைட்ரோஸும் சேர்ந்துதான் அதைக் கரையும் நிலைக்குக் கொண்டுவந்து நூலில் ஏற்றுகின்றன. நீலச் சாயத் தொட்டியிலிருந்து சிட்டத்தை, அதாவது நூல் கட்டை, தூக்கும்போது கவனித்திருப்பீர்கள். மஞ்சளும் பச்சையுமாக வெளியே வரும் நூல், காற்றுப் பட்டதும் கண்ணெதிரிலேயே நீலமாகும். தொட்டிக்குள் ஆக்சிஜனைப் பறித்து வைத்திருந்தது ஹைட்ரோஸ். காற்றோடும் ஈரத்தோடும் அவ்வளவு வேகமாக வேலை செய்யும் தூள் அது. இதை மனதில் வைத்துக்கொண்டு டிரம்மைப் பாருங்கள்.

தொட்டியில் தண்ணீர் மொண்ட அதே பிளாஸ்டிக் மக்கை உதறிவிட்டு ஹைட்ரோஸ் அள்ளுகிறார்கள். கேட்டால், "ரெண்டு சொட்டுதானே அண்ணா" என்று பதில் வரும். அந்த இரண்டு சொட்டுதான் பிரச்சினையே. ஒரு தொட்டித் தண்ணீரில் ஒரு மக் ஹைட்ரோஸ் விழுந்தால், கிளம்பும் சூட்டைத் தண்ணீரே வாங்கிக்கொள்ளும். ஒரு டிரம் ஹைட்ரோஸில் ஒரு கைத் தண்ணீர் விழுந்தால் சூடு போக வழியில்லை. விழுந்த இடத்தில் தூள் கட்டி தட்டும், உள்ளுக்குள் சூடாகும், அந்தச் சூடு பக்கத்துத் தூளையும் சிதைக்கும். நெருப்பே காட்ட வேண்டாம், தானாகவே பற்றிக்கொள்ளும். அதோடு கந்தக டை ஆக்சைடு வாயுவும் வரும். தீக்குச்சி உரசியதும் மூக்கில் ஏறும் நெடி அதுதான்.

எங்கள் பக்கம் ஒரு பட்டறையில் ஐப்பசி மழை நேரத்தில் இதுதான் நடந்தது. சாயங்காலம் வேலை முடியும் அவசரத்தில் ஒரு பையன் ஈர மக்கால் அள்ளிவிட்டு, உள்ளே இருந்த பாலிதீன் பையின் வாயைக் கட்டாமல் மூடியைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். பக்கத்திலேயே மறுநாள் ஏற்ற வேண்டிய வெள்ளைச் சிட்டங்கள் அடுக்கியிருந்தன. ராத்திரி நெடி வந்து ஆட்கள் ஓடிவந்தபோது டிரம்மின் பக்கவாட்டில் கை வைக்க முடியவில்லை, மூடி இடுக்கில் புகை. ஒருவர் பதறிப்போய் ஒரு பக்கெட் தண்ணீரை உள்ளே ஊற்றினார். குப்பென்று சீறி, அறை முழுக்கப் புகை. நூல் அத்தனையும் போயிற்று. தண்ணீர் ஊற்றியவர் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தப் பையனை எல்லோரும் திட்டினார்கள். அவனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதுதான். அதற்குப் பிறகும் பட்டறை பட்டறையாக ஈர மக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

செய்ய வேண்டியது பெரிய செலவும் இல்லை. ஹைட்ரோஸுக்கென்று காய்ந்த மக் ஒன்று, வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது. தொட்டி ஓரத்திலிருந்து தள்ளி, ஒழுகாத கூரைக்குக் கீழே, மரக்கட்டை மேல் டிரம் இருக்கட்டும். அள்ளியதும் பையின் காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கிக் கட்டி, அப்புறம் மூடி. எடை போட்டு மிஞ்சிய தூளை மறுபடி டிரம்மில் கொட்டாதீர்கள். கீழே சிந்தியதை ஈரத் துடைப்பத்தால் கூட்டிக் கழிவு நூலோடு குப்பைத் தொட்டியில் போடுவதும் இதே தவறின் இன்னொரு உருவம். மணிக்கணக்கில் கழித்து, ஆள் இல்லாத நேரத்தில் அது புகையும்.

டிரம் சுட ஆரம்பித்துவிட்டால் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டாம். ஆட்களை வெளியே அனுப்பி, காற்று வரும் பக்கமாக நின்றுகொண்டு 101-க்கு போன் செய்யுங்கள், என்ன தூள் என்று பெயரோடு சொல்லுங்கள். மணல் போட்டு மூடினால் அடங்கும் என்று நினைக்காதீர்கள், இது எரிய வெளிக்காற்று தேவையில்லை. தூரத்தில் நின்று குழாயில் வெள்ளமாகத் தண்ணீர் அடித்தால்தான் அடங்கும். பக்கெட் தண்ணீர் அதைக் கிளறிவிடத்தான் செய்யும்.

காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றுவது

முதலில் தண்ணீர், அதில் காஸ்டிக், கொஞ்சம் கொஞ்சமாக. மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

அலுமினிய அண்டாவில் காஸ்டிக் கரைப்பது

கூடவே கூடாது. பாத்திரத்தைத் தின்னும், எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும்.

பட்ட இடத்தில் எலுமிச்சையும் மஞ்சளும் தேடுவது

காஸ்டிக் தோலில் பட்டால் உடனே எரியாது. வழுவழுவென்று இருக்கும், அவ்வளவுதான். அந்த வழுவழுப்பு, தோலின் கொழுப்பே சோப்பாக மாறிக்கொண்டிருப்பது. வலி தெரியும்போது அது ஆழம் போயிருக்கும். காரத்தை அமிலம் முறிக்கும் என்று எலுமிச்சை பிழிகிறவர்கள் உண்டு, வினிகர் ஊற்றுகிறவர்களும் உண்டு. முறியும்போது அதுவும் சூட்டைக் கிளப்பும். அதைவிட, அதைத் தேடப் போகிற நேரத்தில் கண் போய்விடும்.

காய்ந்த தூள் என்றால் முதலில் தட்டி உதறிவிடுங்கள். சட்டையைக் கழற்றுங்கள். மோதிரம், கைக்கயிறு, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கயிறு காரத்தை உறிஞ்சிக்கொண்டு அதே இடத்தில் அரித்துக்கொண்டிருக்கும். கயிற்றை அறுக்கத் தயங்குவார்கள், அதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் அறுத்துவிடுங்கள். அப்புறம் ஓடும் தண்ணீர், குறைந்தது 20 நிமிடம்.

கண்ணில் பட்டால் அரை மணி நேரமாவது கழுவ வேண்டும். உள்ளங்கையில் ஏந்தி நாலு தடவை தெளித்துக்கொள்வது கழுவியதாகாது. ஆளைப் படுக்கவைத்து, இமை இரண்டையும் விரலால் விரித்துப் பிடித்து, மூக்கு ஓரத்திலிருந்து காது பக்கமாக மெதுவாக வழியும்படி ஊற்றிக்கொண்டே இருங்கள். வலியில் கண்ணை இறுக்கி மூடுவார்கள், இன்னொருவர் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டியில் போகும்போதும் பாட்டில் தண்ணீரால் தொடருங்கள். கரன்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது என்பதால், காஸ்டிக் கரைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர் ஒரு டிரம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்.

பிளீச்சிங் பவுடரையும் ஹைட்ரோஸையும் ஒரே மூலையில் அடுக்குவது

ஒன்று ஆக்சிஜனைக் கொடுப்பது, மற்றது பறிப்பது. இரண்டும் கலந்தால் தீ. பிளீச்சிங் பவுடரில் ஆசிட் பட்டால் குளோரின் வரும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குனிந்து ஓடாதீர்கள், நிமிர்ந்து வெளியே போங்கள்.

துண்டை முகமூடி என்று நம்புவது

வாயுவைத் துண்டு தடுக்காது. தூசு மாஸ்க்கும் தடுக்காது.

பெயர் எழுதாத டப்பா

உப்பு, சோடா ஆஷ், ஹைட்ரோஸ், நைட்ரைட் எல்லாம் வெள்ளை. நைட்ரைட் பார்வைக்கும் ருசிக்கும் உப்புபோலவே இருக்கும், ஆனால் விஷம். சாயத்துக்கு உப்பு போடும் பட்டறையில், அந்த உப்பிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சிட்டிகை எடுக்கும் பழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். உதடும் நகமும் நீலம் பாய்ந்து, மயக்கம் என்று யாராவது உட்கார்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காஸ்டிக்கோ ஹைட்ரோஸோ விழுங்கியவரை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. வாயைக் கொப்பளிக்கவைத்து அழைத்துப் போங்கள்.

"இப்போ பரவாயில்லை" என்று வீட்டுக்கு அனுப்புவது

குளோரினோ கந்தகப் புகையோ நன்றாக உள்ளே போன ஆளுக்கு, இருமல் நின்று சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். டீ வாங்கிக்கொடுத்து பஸ் ஏற்றிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏற்கெனவே இளைப்பு உள்ளவரென்றால் கட்டாயம். போகும்போது மூட்டையில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கிழித்து எடுத்துப் போங்கள், அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "ஏதோ வெள்ளைப் பவுடர்" என்று சொன்னால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது.