பிள்ளை "செத்துடலாம்போல இருக்கு" என்று சொன்னால்: வீட்டில் நடக்கும் தவறுகள்

தேர்வு முடிவு வரும் வாரத்தில் மட்டுமல்ல, எந்த நாளிலும் ஒரு பிள்ளை இப்படிச் சொல்லலாம். பல வீடுகளில் முதலில் வருவது அதட்டல்தான். "என்ன பேச்சு இது? உனக்கு இங்கே என்ன குறை வைத்தோம்?" பெற்றவர்களின் பயம்தான் அப்படிக் கோபமாக வெளியே வருகிறது. ஆனால் பிள்ளைக்குப் புரிவது, இனி இவர்களிடம் சொல்லக் கூடாது என்பதுதான்.

இன்னொரு தவறு, நேராகக் கேட்கத் தயங்குவது. கேட்டால் இல்லாத நினைப்பை நாமே மனதில் போட்டதுபோல ஆகிவிடாதா? ஆகாது. "சாகணும்னு தோணுதா கண்ணு? ஏதாவது யோசிச்சு வச்சிருக்கியா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் ஆபத்து கூடுவதில்லை, அடக்கி வைத்திருந்ததைச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. பதில் வரும்வரை பொறுங்கள். அறிவுரையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கும் அன்றைக்கு வேண்டவே வேண்டாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள். உதவிக்கு யாரையாவது கூப்பிட்டே ஆக வேண்டும்.

யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னால் தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் அப்போதே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். "பரீட்சை முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடவும் கூடாது.

சரி, யாரைக் கூப்பிடுவது? 14416. இது டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பிள்ளைதான் பேச வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அம்மா, தாத்தா, டீச்சர் யார் வேண்டுமானாலும் பேசி, அடுத்து என்ன செய்வதென்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசனை கிடைக்கும். யாராவது பிள்ளையைத் துன்புறுத்துவதுதான் காரணம் என்றால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண்.

பிள்ளை ஏற்கெனவே எதையாவது விழுங்கியோ வேறு ஏதாவது செய்துகொண்டோ இருந்தால் உடனே 108. வீட்டில் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். "நன்றாகத்தானே பேசுகிறான்" என்று நம்பி வீட்டிலேயே வைத்திருப்பது மிக ஆபத்தானது. சில விஷங்கள் ஓரிரு நாள் கழித்துத்தான் ஈரலைத் தாக்கும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து தாமதிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டிக்க அல்ல, சிகிச்சையும் மறுவாழ்வும் தரச் சொல்கிறது. மருத்துவமனை போலீசுக்குத் தகவல் அனுப்பினாலும் பயப்பட வேண்டாம்.

அப்புறம், வெட்கம். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசையாக்கி வைத்திருக்கிறோம். அந்த வசைக்குப் பயந்துதான் எத்தனையோ குடும்பங்கள் மனநல மருத்துவரிடம் போகாமல் இருக்கின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. கோயிலுக்குப் போக வேண்டுமா, போங்கள்; மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஒருமுறை பார்த்ததும் பிள்ளை சிரித்துவிட்டால் பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அடுத்த தேதியை வாங்காமல் வெளியே வராதீர்கள். மாத்திரை கொடுத்திருந்தால் அது பெரியவர் ஒருவர் கையிலேயே இருக்கட்டும்.