‘கொங்கு’ ஏன் சிக்கவில்லை? பழைய தமிழ்க் கோப்பிலிருந்து சொல்லடைவு எடுப்பது எப்படி

ஒரு பல்கலைக்கழகத்தில் இலக்கிய ஆய்வாளர்களுக்கு நிரல் எழுதிக் கொடுப்பது என் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு பேராசிரியர் குறுந்தொகைக் கோப்பு ஒன்றைக் கொடுத்து, சொல்லடைவு வேண்டும் என்றார். எந்தச் சொல் எந்தப் பாட்டில் வருகிறது என்ற பட்டியல், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் இதையே அட்டை அட்டையாக எழுதிப் பெட்டியில் அடுக்கியிருக்கிறார்கள். 401 பாட்டுதானே, ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. உங்களுக்கு ஒரு நாளில் முடியட்டும் என்றுதான் இந்தப் பதிவு.

பைத்தான் என்ற நிரல்மொழியை நிறுவுவது, கோப்பைத் திறப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நிரல்வரிகளை இங்கே ஒட்டவில்லை. ஒட்டினால் இந்தத் தளம் மேற்கோள் குறிகளை வளைத்துவிடுகிறது, நகலெடுத்தவர்கள் என்னைத் திட்டுகிறார்கள்.

படி 1: மூலத்தைத் தொடாதீர்கள்

வந்த கோப்பை ‘மூலம்’ என்று ஒரு கோப்புறையில் போட்டுப் பூட்டுங்கள். திருத்தமெல்லாம் நகலில் மட்டும். ஏன் என்று நான்காம் படியில் தெரியும்.

படி 2: யூனிகோடுக்கு மாற்றுவது

யூனிகோடு என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் இன்றைய பொது முறை. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வைக்கும் மதுரைத் திட்டம் 1998-ல் தொடங்கியது. அந்தக் காலத்துக் கோப்புகள் பல திஸ்கி என்ற பழைய குறியாக்கத்தில் இருக்கும். துறைகளின் பழைய கணினிகளில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியவையும் கிடைக்கும். நோட்பேடில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் பெரும்பாலும் பாமினி. தலையில் கோடும் புள்ளியும் போட்ட விசித்திர எழுத்துகள் தெரிந்தால் திஸ்கியாக இருக்கலாம். மாற்றுவதற்கு ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பே போதும். இணையத்தில் ஒட்டி மாற்றும் பக்கங்களை நான் நம்புவதில்லை. உள்ளே என்ன விதி ஓடுகிறது என்று பார்க்க முடியாது.

படி 3: நான் விழுந்த இடம்

மாற்றினேன், திரையில் அழகாகத் தெரிந்தது, பட்டியல் எடுத்து அனுப்பினேன். மறுநாள் அழைப்பு வந்தது. “என்ன தம்பி, குறுந்தொகையில ‘கொங்குதேர் வாழ்க்கை’யே இல்லைங்கிறதா உங்க கம்ப்யூட்டர்?”

இரண்டாம் பாட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரிந்த பாட்டு. கோப்பைத் திறந்தால் ‘கொங்கு’ கண்ணெதிரே இருக்கிறது. நிரலில் தேடினால் சுழியம். அன்று சாயங்காலம் வரை பைத்தானைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் எதேச்சையாக இரண்டின் நீளத்தையும் அச்சிட்டுப் பார்த்தேன். விசைப்பலகையில் நான் தட்டிய ‘கொங்கு’ 6. கோப்பில் இருந்த ‘கொங்கு’ 7.

நமக்கு அது மூன்று எழுத்து: கொ, ங், கு. கணினிக்கு அது எண்களின் வரிசை. ‘ொ’ என்ற குறிக்கு யூனிகோடில் 3018 என்று தனி எண் உண்டு. ஆனால் ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாக எழுதினாலும் திரையில் அதே ‘ொ’தான் வரும். பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி. கொம்பு, எழுத்து, கால் என்ற வரிசையில்தான் தட்டுவார்கள். நான் பயன்படுத்திய மாற்றி கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்தியது, காலோடு சேர்க்க மறந்துவிட்டது. ‘ோ’வுக்கும் இதே கதை: 3019 ஒன்று, அல்லது 3015-ம் 3006-ம். ஆக, ஒகரமும் ஓகாரமும் ஏறிய சொல் ஒன்றுகூடத் தேடலில் சிக்கவில்லை.

தீர்வு ஒரே வரி. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டாவில் நார்மலைஸ் என்ற செயற்கூறு இருக்கிறது. துண்டுகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்கும் என்.எஃப்.சி. என்ற வகையைக் கொடுத்து முழு உரையையும் அதன் வழியாக அனுப்புங்கள். தேடும் சொல்லையும் அனுப்புங்கள். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். கூடவே 8204, 65279 என்ற எண்களில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் குறிகளையும் நீக்கிவிடுங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டால் மட்டும் என்.எஃப்.சி. கைகொடுக்காது. ஆனால் அங்கே புள்ளிவட்டம் பல்லை இளிக்கும், எளிதில் கண்டுபிடிக்கலாம்.

படி 4: சொல் பிரிப்பது

உரையில் தேடப் பயன்படும் பைத்தானின் வழக்கமான ரீ தொகுதியில் ‘சொல்லெழுத்து’ குறியைப் போட்டு உடைக்காதீர்கள். உயிர்க்குறியையும் புள்ளியையும் அது எழுத்தாகவே மதிப்பதில்லை. ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு வரும். ரெஜெக்ஸ் என்ற தனித் தொகுதி ஒழுங்காகச் செய்யும். செய்யுளுக்கு அதுகூட வேண்டாம். இடைவெளியில் உடைத்து, ஓரத்து நிறுத்தக்குறிகளைச் சீவினால் போதும். கோப்பு சந்தி பிரித்ததா, பிரிக்காததா என்று முதலிலேயே ஆய்வாளரிடம் கேட்டுவிடுங்கள். ‘கொங்குதேர்’ ஒரு சொல்லா இரண்டா என்பது நிரலாளர் முடிவுசெய்யும் விஷயம் இல்லை.

இன்னொரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சொல்லின் நடுவில் உயிரெழுத்து வந்தால் தட்டச்சுப் பிழை என்று நானாக ஒரு விதி எழுதி, கிடைத்ததையெல்லாம் நீக்கினேன். முதல் பாட்டிலேயே முருகனைச் ‘சேஎய்’ என்கிறார் புலவர். நான் அதைச் ‘சேய்’ ஆக்கினேன். ஓசைக்காக எழுத்தை நீட்டும் அதற்கு அளபெடை என்று பெயர், பத்தாம் வகுப்பில் படித்தது. பேராசிரியர் கோபப்படவில்லை. “ஓசை குறையுதே தம்பி” என்றார், அவ்வளவுதான். மூலக் கோப்பு பூட்டிவைத்திருந்ததால் பிழைத்தேன்.

படி 5: அகரவரிசை

கணினியின் இயல்பான வரிசைப்படி விட்டால் ‘ன’ போய் ‘ந’வுக்கு அடுத்து உட்கார்ந்துகொள்ளும், ‘ப’வுக்கும் முன்னால். ‘ற’வும் இடம் மாறி ‘ர’வை ஒட்டி நிற்கும். யூனிகோட் எண்வரிசை அப்படி. பல மொழிகளின் அகரவரிசையும் தெரிந்த ஐ.சி.யு. நிரல்தொகுப்பு இதைச் சரியாகச் செய்கிறது, ஆனால் விண்டோஸில் பைத்தானோடு அதை நிறுவுவதற்குள் ஆயுசு போய்விடும். நான் கையாலேயே எழுதினேன்: சொல்லை எழுத்துகளாகப் பிரி, ஒவ்வோர் எழுத்துக்கும் மெய்க்கு ஓர் எண், உயிருக்கு ஓர் எண். புள்ளி வைத்த எழுத்தின் உயிர் எண் சுழியம். அப்போதுதான் அகராதியில் உள்ளபடி ‘அக்கம்’ முன்னால் வந்து ‘அகம்’ பின்னால் வரும். நாற்பது வரிகூட ஆகாது.

படி 6: ஒப்படைப்பது

சி.எஸ்.வி.யாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பாகக் கொடுக்கலாம். எக்செல்லில் திறப்பார்கள் என்றால் கோப்பின் தலையில் பி.ஓ.எம். என்ற குறியாக்க அடையாளக் குறி வைத்து எழுதுங்கள், இல்லாவிட்டால் முழுக்கக் குப்பையாகத் தெரியும். மூன்றாம் படியில் நீக்கச் சொன்ன 65279-தான் அது, வேடிக்கைதான். என் கணினியில் லிப்ரெஆபிஸ் மட்டும்தான். திறக்கும்போதே என்ன குறியாக்கம் என்று கேட்கும் நாகரிகம் அதற்கு உண்டு.

பின்சேர்க்கை

பின்னூட்டத்தில் ஒருவர், என்.எஃப்.சி. போட்ட பிறகும் திருக்குறள் கோப்பில் ‘கௌவை’ கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். 1147-ஆம் குறள், ‘ஊரவர் கௌவை எருவாக’. அவருடைய கோப்பை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்தது ‘கெளவை’: கொம்பு போட்ட ‘கெ’, பக்கத்தில் முழு ‘ள’ எழுத்து. ஔகாரக் குறியின் பின்பாதியும் ‘ள’வும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் தட்டச்சு செய்தவர் ஏமாந்திருக்கிறார். இவை யூனிகோடுக்கு வேறு வேறு எழுத்துகள், எந்த நார்மலைசும் சேர்த்துவைக்காது.

மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். மாற்றினால் கெளுத்தி மீன் செத்துவிடும், வெள்ளமும் வற்றிவிடும். இப்போது நான் செய்வது இது: கொம்பு ஏறிய எழுத்துக்குப் பின் வரும் ‘ள’வில் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாவிட்டால் மட்டும் அந்தச் சொல்லைத் தனிப் பட்டியலில் போடுகிறேன். ‘மெளனம்’, ‘கெளரவம்’, ‘பெளர்ணமி’ எல்லாம் அதில் வந்து விழும். மாற்றுவதை நிரலிடம் விடுவதில்லை. பட்டியலை அச்செடுத்துப் பேராசிரியரிடம் கொடுத்துவிடுகிறேன், அவர் பென்சிலால் குறித்துத் தருகிறார்.