பிரஷ் கட்டரை எடுக்கும் முன் தோப்பை ஒரு சுற்று நடந்து பாருங்கள்

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிட்டால் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத் தோப்புகளில் புல் மளமளவென்று ஏறிவிடும். வெட்ட ஆள் கிடைப்பதில்லை. அதனால் தோட்டத்து வீடுகளில் இப்போது பிரஷ் கட்டர் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தள்ளிக்கொண்டு போகும் லான் மோவர் சமமான புல்தரைக்குத்தான் ஆகும். மட்டையும் சரளைக்கல்லும் வாய்க்காலும் கிடக்கும் இடத்துக்குத் தோளில் மாட்டும் இந்த மெஷின்தான் சரி. இதில் கத்தி காலில் படும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கத்தி அடித்து எறியும் கல்லுக்கும் கம்பித்துண்டுக்கும் அதைவிட அதிகமாகப் பயப்பட வேண்டும்.

ஆகவே வேலை மெஷினில் தொடங்குவதில்லை. கையில் ஒரு தடியோடு வெட்டப்போகும் இடம் முழுக்க நடங்கள். புல்லைத் தட்டிக்கொண்டே போனால் விரியனோ நாகமோ இருந்தால் விலகிப் போக வழி கிடைக்கும். கல், பாட்டில், பாளை, மட்டை எல்லாவற்றையும் எடுத்து ஓரம் போடுங்கள். புல்லுக்கடியில் கிடக்கும் 16 மி.மீ. சொட்டுநீர்க் குழாய் கண்ணுக்கே தெரியாது. அதைத் தூக்கி மரத்தடியில் சுருட்டி வையுங்கள், முடியாவிட்டால் அது போகும் வழியில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். போர் மோட்டாருக்குத் தரையோடு போகும் ஒயர் இருந்தால் அதைச் சுற்றி மெஷின் வேண்டாம், களைக்கொத்துதான். வேலியோரம் தொங்கும் பழைய முள்கம்பியையும் பாருங்கள். பிளேடு அதைச் சுற்றி இழுத்தால் கம்பியின் நுனி சாட்டை போல வீசும்.

அடுத்தவர்கள் நிற்க வேண்டிய தூரம் குறைந்தது 15 மீட்டர். தோப்பில் இதை அளக்க டேப் தேவையில்லை. 25 அடி இடைவெளியில் நட்ட தென்னையானால் இரண்டு இடைவெளி தூரம். குழந்தைகள், ஆடு மாடு, வாசலில் நிற்கும் கார் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. யாராவது உள்ளே வந்தால் ஆக்சிலேட்டரை மட்டும் விட்டால் போதாது, சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

உடையில் விட்டுக்கொடுக்கவே கூடாது. லுங்கி, வேட்டி, தொங்கும் துண்டு, துப்பட்டா எதுவும் வேண்டாம். முழுக்கால் சட்டையும் கணுக்காலை மூடும் ஷூவும் வேண்டும், செருப்பு ஆகாது. கண்ணாடி, முகத்துக்கு வலைத்தடுப்பு, காதுக்கு அடைப்பான், கையுறை இவை எல்லாம் சேர்ந்தாலும் மெஷின் விலைக்கு முன்னால் பெரிய தொகை இல்லை. பார்த்தீனியம் கிடக்கும் இடமென்றால் மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். அதன் தூள் பட்டால் பலருக்குத் தோல் தடித்து அரிக்கும், மூச்சிரைக்கும். அதைப் பூக்கும் முன்பே வெட்டிவிடுவது நல்லது.

பெட்ரோல் விஷயத்தில்தான் நிறைய மெஷின்கள் சாகின்றன. ஆயில் ஊற்றத் தனி மூடி இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக். அதன் பெட்ரோலில் எதையும் கலக்கக் கூடாது. ஆயில் அளவை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். 35 சிசி மெஷினுக்குச் சுமார் 100 மில்லிதான் பிடிக்கும் என்பதால் கொஞ்சம் குறைந்தாலும் என்ஜினைப் பாதிக்கும். தனி மூடி இல்லாத டூ ஸ்ட்ரோக்குக்கு 2டி ஆயில் கலந்தே ஊற்ற வேண்டும். கையேட்டில் 1:50 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 1:25 என்றால் 40 மில்லி. கண்ணளவில் ஊற்றாதீர்கள். ஆயில் இல்லாமல் ஓட்டினால் பிஸ்டனில் கோடு விழுந்து கொஞ்ச நேரத்திலேயே ஜாம் ஆகிவிடும். அதிகமானால் பிளக் கரியடைத்துப் புகை கக்கும். கேனில் கலந்து குலுக்கிவிட்டுத்தான் டேங்கில் ஊற்ற வேண்டும். சூடாக இருக்கும் மெஷினில் ஊற்ற வேண்டாம், பத்து நிமிஷம் ஆறட்டும். ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

இளம்புல்லுக்கும் சுவரோரத்துக்கும் நைலான் கயிறு, முற்றிய கோரைக்கும் தடித்த களைக்கும் இரண்டு மூன்று பல் பிளேடு. கயிறு அடிக்கடி அறுகிறதென்று அதற்குப் பதில் பைக் பிரேக் கேபிளையோ கட்டுக்கம்பியையோ மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அறுந்த கம்பித்துண்டு தோட்டா போலப் போகும், எந்தத் திசையில் என்று யாராலும் சொல்ல முடியாது. பிளேடுக்கு மேலிருக்கும் தடுப்பான கார்டைக் கழற்றிவிட்டு நீளமாகக் கயிறு விடுவதும் அப்படித்தான். என்ஜினுக்கும் சுமை கூடும், கல்லும் நேராக உங்கள் மீதே வரும்.

பிளேடு மாற்றும்போது முதலில் பிளக் கேப்பை, அதாவது ஸ்பார்க் பிளக்கின் மேல் மாட்டியிருக்கும் ஒயர் மூடியைக் கழற்றுங்கள். நட்டு வழக்கத்துக்கு நேர்மாறு. வலப்பக்கம் திருகினால் கழலும், இடப்பக்கம் திருகினால் இறுகும். தெரியாமல் மாற்றித் திருகி மரையைக் கெடுப்பது சாதாரணமாக நடக்கிறது. பழைய பிளேடை நடுத்துளையில் விரல் விட்டுத் தூக்கி ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். மணி போலச் சத்தம் வந்தால் நல்லது, பொத்தென்று வந்தால் எங்கோ விரிசல். விரிசல் விட்டதைப் பட்டறையில் வெல்டிங் வைக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

ஸ்டார்ட் செய்ய மெஷினைச் சமதரையில் கிடத்தி, பிளேடு எதிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோலை ஏற்றிவிடும் பிரைமர் குமிழை ஆறேழு தடவை அமுக்கி, சோக்கை மூடி, கயிற்றை இறுக்கம் தெரியும்வரை மெதுவாக இழுத்து, பிறகு வெடுக்கென்று இழுங்கள். ‘பட்’டென்று ஒரு சத்தம் வந்ததும் சோக்கைத் திறந்துவிட வேண்டும். அந்தச் சத்தத்துக்குப் பிறகும் மூடியே இழுத்தால் பெட்ரோல் நிறைந்து பிளக் நனைந்துவிடும். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை அழுத்தாமல் ஓடும்போது, பிளேடு சுற்றக் கூடாது. சுற்றினால் ஐடில் ஸ்குரூவைக் குறையுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் கிளட்ச் பழுது, சரிசெய்யாமல் தோளில் மாட்டாதீர்கள்.

மேலிருந்து பார்த்தால் பிளேடு இடஞ்சுழியாகச் சுற்றும். எனவே வலமிருந்து இடமாக வீசி, பிளேடின் இடப்பக்கத்தால் வெட்டுங்கள். கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் 12 முதல் 3 வரை உள்ள பகுதி கட்டையிலோ கல்லிலோ பட்டால்தான் மெஷின் வலப்பக்கமாக உதறி எகிறும். இடுப்புக்கு மேல் உயர்ந்த புல்லை ஒரே வீச்சில் அடிக்க வேண்டாம், முதலில் மேல்பாதி, அப்புறம் அடி. வாய்க்கால் கரையில் சரிவுக்குக் குறுக்காக நடங்கள். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது முதுகை மேற்குக்குக் கொடுத்தால் தூள் முகத்தில் விழாது. இளங்கன்றைச் சுற்றி ஓரடியைக் களைக்கொத்துக்கு விட்டுவிடுங்கள். நைலான் கயிறு பட்டை முழுவதையும் வட்டமாக உரித்துவிட்டால் எலுமிச்சை, கொய்யாக் கன்று பிழைக்காது.

ஒரு முக்கியமான விஷயம்: நைலான் கயிற்றால் வெட்டிய புல்லை மாட்டுக்குப் போடாதீர்கள். தேய்ந்த கயிற்றுத்துணுக்கு அதில் கலந்திருக்கும். கொழுக்கட்டைப் புல் தீவனத்துக்கு வேண்டுமென்றால் பிளேடாலோ அரிவாளாலோ அறுங்கள்.

அரை மணிக்கு ஒருமுறை இறக்கி வையுங்கள், அதிர்வில் விரல் மரத்துப் போகும். தண்டில் புல் சுற்றிக்கொண்டால் என்ஜினை நிறுத்தி, பிளேடு முழுதாக நின்று, பிளக் கேப்பைக் கழற்றிய பிறகே கை வையுங்கள். சுவிட்சை அணைத்த பின்னும் பிளேடு சில நொடி சுற்றும்.

முடிந்ததும் ஏர் ஃபில்டர் தூசியைத் தட்டுங்கள். அது அடைத்திருந்தால் ஐடிலில் நன்றாக ஓடும், புல்லில் வைத்ததும் அணையும். 25 மணி ஓட்டத்துக்கு ஒருமுறை தண்டின் நுனியில் பிளேடைச் சுற்றவைக்கும் கியர் ஹெட்டில் கிரீஸ் இடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கமாட்டீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு, பிறகு மாட்டி வையுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் தேங்கினால் ஈரம் இழுத்துக் கார்புரேட்டரில் பசை படிந்துவிடும்.