ஈரம் காயாத தோட்ட மூலையில் பாய்க்கோரை வளர்க்கும் முறை

கிணற்றடி நீர் ஓயாமல் கசிந்து, வாழை நட்டாலும் வேர் அழுகிப்போகும் மூலையைப் பலரும் மண் கொட்டி மேடாக்கிவிடுகிறார்கள். ஆற்றோரங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் தானாக விளையும் பாய்க்கோரைக்கு அந்த இடமே மிகவும் ஏற்றது என்பதால், மண் கொட்டுமுன் ஒருமுறை யோசிக்க வேண்டுகிறேன். பத்தமடைப் பாய்க்குப் பெயர் தேடித்தந்த இந்தக் கோரை, கரூர், நாமக்கல் மாவட்டங்களின் காவிரிக்கரை வயல்களில் பயிராகவே சாகுபடி செய்யப்படுகிறது.

நடுமுன் இனத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். இதில் அவசரம் கூடாது. வயலிலும் தோட்டத்திலும் களையாகப் படரும் கோரைக்கிழங்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அது குட்டையானது. அடியில் நிறைய இலைகள் இருக்கும். பிடுங்கினால் வேரில் மணமுள்ள சிறு கிழங்குகள் தொங்கும். பாய்க்கோரையோ இடுப்பளவுக்கு மேல் நிமிர்ந்து வளர்வது. இலைகள் பெரும்பாலும் அடியுறைகளாகச் சுருங்கியிருக்க, கணுவற்ற பச்சைத் தண்டுகளே கண்ணில் படும். கோரைக்கிழங்கைத் தெரியாமல் நட்டுவிட்டால் பிறகு அதை ஒழிப்பது பெரும்பாடு.

நல்ல வெயில் விழும் இடத்தில் ஓரடி ஆழத்துக்கு மண்ணைக் கிளறி, மட்கிய சாணம் கலந்து சேறாக்குங்கள். இதன் வேர்க்கட்டை மண்ணுக்கடியில் பக்கவாட்டில் ஊர்ந்து பரவும் என்பதால், பாத்தியைச் சுற்றிச் செங்கலை ஆழப் பதிப்பதோ, சிமென்ட் தொட்டியொன்றைப் புதைத்து அதற்குள் நடுவதோ சிறிய தோட்டங்களுக்குக் கட்டாயம் என்றே சொல்வேன்.

கோரை பயிரிடுபவர்களிடம் கேட்டு வாங்கிய தூரை, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று முளைகளாவது இருக்கும்படி பிரித்து, தண்டுகளைச் சாண் உயரத்துக்கு நறுக்கி, வேர் காயாமல் ஈரச் சாக்கில் சுற்றிவைத்து அன்றே நட்டுவிடுவது நல்லது. ஆற்றங்கரைத் தூர்களைப் பெயர்த்தெடுக்க வேண்டாம். கரை மண்ணைப் பிடித்து நிறுத்துபவை அவையே. துண்டுகளை ஓரடி இடைவெளியில், முளை மேல்நோக்கி இருக்க, இரண்டு அங்குல ஆழத்தில் பதியுங்கள்.

புதுத் தளிர் வரும்வரை சேறு காயக்கூடாது. அதே சமயம் தளிரை நீர் மூடவும் கூடாது. தண்ணீர் மண்மட்டத்தோடு நின்றாலே போதும், கொசுவுக்கும் இடமிராது. சமையலறையின் எண்ணெய்க் கழிவுநீரை இதில் விடாதீர்கள். தூர் கட்டி நெருங்கும்வரை களை எடுக்க வேண்டும். அதன் பிறகு நிழலே களையை அடக்கிவிடும்.

தண்டுகள் முற்றியதும், பழுப்பேறுமுன், தரையை ஒட்டி அறுத்தால் மீண்டும் தளிர்க்கும். அறுத்த கட்டைகள் மழைநீரில் மூழ்கினால் அழுகும் என்பதால், பெருமழைக்காலத்தில் அறுப்பைத் தள்ளிவையுங்கள். பாய்க்கோ கயிற்றுக்கோ தண்டு வேண்டுமானால், பச்சையாக இருக்கும்போதே நீளவாக்கில் கீறி வெயிலில் உலர்த்துங்கள்.